யாருக்குக் கயிறு வீசுவது?

போன மாதம் அலுவலகத்திலிருந்து திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்க்கிற பெண்.

"மேடம், 'உறவு'ன்னு ஒரு ஃபைல் இருக்கு. ரொம்ப நீளமாப் போகுது. யாரும் தொட்டுப் பல வருஷமாச்சு. இப்ப வந்திருக்குற புது மெஷின் என்ன எழுதுனாலும் தானாப் புரிஞ்சுக்குது. இதைத் தூக்கிரலாமா?"

"தூக்குறதுக்கு முன்னாடி அது எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தூக்கு" என்றேன். குரல் காட்டமாகத்தான் வந்துவிட்டது. எனக்குக் கோபம் முன்னால் வரும், யோசனை பின்னால் வரும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"அப்ப எழுதி அனுப்புங்க மேடம், படிச்சுட்டு முடிவு பண்றோம்" என்றாள். கேட்டது நியாயம். எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நடத்தியது எழுத்தாலேயே ஆடுகிற ஒரு ஆட்டம். பெயர் 'கோட்டைக்கரை'. படம் கிடையாது, பாட்டு கிடையாது. 'நீங்கள் கண்மாய்க் கரையில் நிற்கிறீர்கள். வடக்கே கலிங்கு. தெற்கே புளியந்தோப்பு' என்று திரையில் வரும். ஆடுகிறவர் 'வடக்கே போ' என்று டைப் அடித்தால், கண்மாய் நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலிங்குக்குப் போவார். அதே கரையில் அதே நேரம் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நிற்பார், கறம்பக்குடியிலிருந்து ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருப்பார். ஒருவர் பேசினால் அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். இப்படி அடிக்கிற ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. அந்தக் கட்டளையைப் புரிந்துகொண்டு காரியத்தை நடத்துகிற பகுதியை எழுதுவதுதான் என் உத்தியோகம்.

படம் இல்லாத ஆட்டத்தை யார் ஆடுவார்கள் என்று என் தம்பியே கேலி செய்தான். வளைகுடாவில் நெட் சரியாகக் கிடைக்காத கேம்பில் இருந்தவர்கள் ஆடினார்கள். அவர்களை விட அதிகமாகப் பார்வை இல்லாதவர்கள் ஆடினார்கள். திரையில் வருகிற எழுத்தைப் போன் வாய்விட்டுப் படிக்கும், அவர்கள் கேட்டுக்கொண்டே ஆடலாம். இது நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததல்ல. அவர்களாக வந்தார்கள்.

நான் கறம்பக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். புதுக்கோட்டையில் கணக்குப் படித்தேன், திருச்சியில் கம்ப்யூட்டர் படித்தேன், சில வருஷம் யார் யாருக்கோ சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் எழுதினேன். கல்யாணமாகித் திருக்கோகர்ணம் வந்த பிறகு, பஸ் ஏறாமல் நடந்து போகிற தூரத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு மாடி ஏறினேன். அங்கே ஆறு பேரும் சேவியர் சாரும் இருந்தார்கள். ஓய்வு பெறும் வரை அந்த மாடியை விட்டு இறங்கவில்லை.

சேவியர் சார் முதலாளி. கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை, தபால்வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தவர். என் புரோகிராமை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. குரல் உயர்த்த மாட்டார். பெருக்க வருகிற அக்காவிலிருந்து எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஆனால் அவர் வெந்நீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு "யாரு இப்படிச் சொல்லுவா?" என்று கேட்டால், ஒரு வாரம் உட்கார்ந்து செய்த வேலை போச்சு என்று அர்த்தம்.

புதிதாக ஒரு கட்டளை சேர்க்க வேண்டுமானால் அவர் வைத்திருந்த வழிமுறை இது. கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. முதலில் மேசையில் ஆட வேண்டும். எங்களில் ஒருவர் மெஷின். மற்றவர்கள் எதிரில் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் கட்டளை எழுதி நீட்டுவார்கள். மெஷினாக இருப்பவர் தன் கையில் உள்ள பட்டியலில் இருப்பதற்கு மட்டும்தான் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் 'புரியவில்லை' என்று சீட்டைத் திருப்பித் தர வேண்டும். தெரிந்த முகம் என்று சலுகை காட்டினால் சார் விடமாட்டார். "நீங்க மெஷினு. மெஷினுக்கு மொகம் தெரியாதுங்க" என்பார். அடுத்து ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ரெண்டு பேர், கீழே ஜெராக்ஸ் கடை அக்கா, டீ கொண்டு வருகிறவர் என்று பிடித்து உட்கார வைப்போம். திரும்பி வந்த சீட்டுகளை எல்லாம் சார் ஒரு நீள நோட்டில் ஒட்டி வைப்பார். திரும்புகிற சீட்டு குறைந்த பிறகுதான் நான் புரோகிராம் எழுத உட்காரலாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. புகார் வந்து நாங்கள் எழுதுகிற ரிப்போர்ட்டில் 'ஆட்டக்காரர் தவறாக டைப் செய்துவிட்டார்' என்ற வரி வரக் கூடாது. 'நமக்குப் புரியவில்லை' என்றுதான் எழுத வேண்டும். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. தப்பு அவர்களுடையது, பழி நமக்கா என்று முணுமுணுப்பேன்.

ஆரம்பத்தில் பெயரில் பாதி அடித்தாலே போதும் என்று வைத்திருந்தேன். அதில் ஒரு ஆட்டுக்குட்டியால் வம்பு வந்தது. ஆட்டத்தில் ஒருவர் ஆறு மாதம் வளர்த்த குட்டியைத் தன் நண்பர் செல்வராசுக்குக் கொடுக்க நினைத்து அவசரத்தில் 'செல்வ' என்று மட்டும் அடித்தார். பக்கத்தில் செல்வமணி என்று முன்பின் தெரியாத ஒருவர் நின்றிருந்தார். குட்டி அவருக்குப் போய்விட்டது. அவர் அதை அங்கேயே வெட்டிக் குழம்பு வைத்துவிட்டார். கொடுத்தவர் போனில் அழுதேவிட்டார். அன்றைக்கே ரோஷத்தோடு மாற்றினேன். இன்னொருவர் மேல் போகிற எந்தக் கட்டளைக்கும் அவருடைய முழுப் பெயர் வேண்டும், ஓர் எழுத்து குறைந்தாலும் காரியம் நடக்காது. மேசையில் ஆடிப் பார்த்தோம். ராஜா, மந்திரி, தளபதி என்று சீட்டில் பெயர் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்து ஆடினோம். ஒரு சீட்டுகூடத் திரும்பவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் செல்லையாவை மூழ்கடித்தது.

செல்லையா அரிமளத்துக்காரர். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்கிற மனிதர் எங்கள் ஆட்டத்தில் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் ஊர் முழுக்கச் சுற்றுவார். புளியந்தோப்பிலிருந்து கலிங்குக்கு எத்தனை எட்டு என்று அவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள் போவார்கள். ஆட்டத்துக்கென்று எல்லோரும் புலி, வேங்கை என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். இவர் சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்.

அவரோடு சேர்ந்து ஆடியது அவருடைய மருமகள் கவிதா. குவைத்தில் ஒரு லேப்பில் வேலை. கணவரும் அங்கேதான், அவருக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. வெள்ளிக்கிழமை லீவு, மத்தியானம் கவிதா வருவாள். நம் பக்கத்தில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டீங்களா மாமா", "ம், இந்தா ஒங்க அத்தைகிட்ட குடுக்குறேன்". அவ்வளவுதான். ஆட்டத்துக்குள் வந்தால் இருவரும் கதை கதையாகப் பேசுவார்கள். பஸ்ஸில் நடந்தது, லேப்பில் நடந்தது, மீன் எந்தப் பக்கம் கடிக்கும் என்று எல்லாம் உண்டு.

எங்கள் ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். மறுபடி எழுப்ப மாட்டோம். அதனால்தான் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு எட்டும் பயந்து வைத்தார்கள், அதனால்தான் விடாமல் ஆடினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கண்மாய் நிரம்பிக் கலிங்கு பாய்ந்தது. மீன் வலையை எடுக்கப் போன செல்லையா தண்ணீரில் சிக்கினார். கரையில் கவிதா, கையில் கயிறு. ஒன்றரை நிமிஷம் இருந்தது. செல்லையா மூழ்கினார்.

மறுநாள் கவிதாவிடமிருந்து ஒரு வரி வந்தது. 'என் கணக்கை நீக்கிவிடுங்கள். இனி வரமாட்டேன்.' வேறு விளக்கம் இல்லை. நடந்ததை எல்லாம் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்திருக்கும். எடுத்துப் பார்த்தேன். கயிறு வீசக் கட்டளை வந்திருக்கிறது, பெயர் சரியாக இல்லை. 'ஆட்டக்காரர் பெயரைச் சரியாக அடிக்கவில்லை' என்று ரிப்போர்ட் எழுதிச் சார் மேசையில் வைத்தேன்.

சார் படித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. "அந்தப் பதிவை வாய்விட்டுப் படிங்க" என்றார்.

படித்தேன். மூன்றாவது வரியிலேயே என் குரல் இறங்கிவிட்டது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வள்ளியம்மை, ஒங்க மாமனார் பேரு என்னங்க?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட என் மகன்தான் சொல்வான்.

"எழுதிக் காட்டட்டுமா சார்?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"அந்தப் பொண்ணும் எழுதத்தானே சார் செஞ்சிருக்கணும்? வாயால சொல்லச் சொல்லலையே" என்று விடாமல் வாதாடினேன்.

"அந்தப் பொண்ணு எழுதுனா அரிமளத்துல என்னங்க நடக்கும்?"

அப்போதுதான் உறைத்தது. கவிதா அடிக்கிற கட்டளை நடந்தால், 'கவிதா செல்லையாவுக்குக் கயிறு வீசுகிறாள்' என்று செல்லையாவின் போன் நடுவீட்டில் சத்தமாகப் படிக்கும். மாமியார் கேட்பார், வந்தவர் போனவர் கேட்பார்கள். மருமகள் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிதான். ராஜா, மந்திரி என்று பொய்ப் பெயர் வைத்து ஆடிய எங்கள் மேசையில் இது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானும் ஒரு வீட்டுக்கு மருமகள்தானே.

"அவரை எழுப்பிருவோம் சார்" என்றேன்.

"எழுப்ப முடியாதுங்க. செத்தவரை எழுப்புறதில்ல." டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "ஆனா இவரு சாகலை. தண்ணி நெஞ்சுக்கு வரும்போதே கட்டளை வந்துருச்சு. நம்மதான் இன்னும் படிச்சு முடிக்கலை. படிச்சு முடிங்க. அதுவரைக்கும் கண்மாயை மூடி வைங்க."

கவிதாவின் கணக்கை நீக்காமல் வைத்துக்கொண்டு கண்மாயை மூடினோம். 'கரையில் வேலை நடக்கிறது' என்று அறிவிப்பு வைத்தோம். மீன் பிடிக்கிறவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நான் 'உறவு' ஃபைலை எழுத ஆரம்பித்தேன்.

மறுபடியும் மேசைதான், ஆனால் இந்தத் தடவை நிஜக் குடும்பங்கள். கறம்பக்குடியிலிருந்து என் அண்ணன்களையும் அண்ணிகளையும் தம்பி குடும்பத்தையும் கூட்டி வந்தேன். பெரிய அண்ணி அண்ணனைக் குறித்து எழுத வேண்டிய இடத்தில் 'பிள்ளைங்க அப்பா' என்று எழுதி நீட்டினார். சின்ன அண்ணி 'இந்தா இவுங்க' என்று எழுதினார். என் தம்பி மனைவி ஒன்றும் எழுதாமல் கையை மட்டும் அங்கிட்டு நீட்டிக் காட்டினார். நான்தான் மெஷின், எல்லாச் சீட்டையும் திருப்ப வேண்டியதாயிற்று. ஒரே ஆள் ஒருத்திக்கு மாமா, இன்னொருத்திக்குக் கொழுந்தன், வேறொருவனுக்குச் சித்தப்பா. ஆகவே யார் சொல்கிறார் என்று பார்த்துத்தான் யாரைச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க முடியும். ஒரே இடத்தில் இரண்டு மாமா நின்றால் எந்த மாமா என்று கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவன் ஒரு பெண்ணிடம் மச்சான் முறை கொண்டாடிவிடக் கூடாது, அதனால் இன்ன முறை சொல்லி அழைக்கலாமா என்று எதிராளியிடம் சம்மதம் வாங்க வேண்டும். இதற்கே ஏழு வாரம் ஆனது.

அந்த ஏழு வாரத்தில் செல்லையாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஃபைலை முடிப்பதிலேயே குறியாக இருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

எல்லாம் தயாரான பிறகு கவிதாவுக்குப் பேசினேன். "மாமா சரின்னா வர்றேங்க. ஆனா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. இப்பல்லாம் போன்ல சாப்பிட்டீங்களான்னு கேட்டாக்கூட அத்தைகிட்ட குடுத்துர்றாங்க" என்றாள். நடந்ததை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "எப்படிங்க சொல்றது? ஒங்க பேரைச் சொல்ல முடியாம நின்னேன்னு அவங்ககிட்டயேவா?" என்றாள். செல்லையாவுக்குப் போன் போட்டேன். "வேணாம்மா, போனது போகட்டும்" என்று வைத்துவிட்டார்.

பதிவைத் தாளில் எடுத்துக்கொண்டு அரிமளத்துக்கு பஸ் ஏறினேன்.

முன்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அந்த ஆட்டம் இல்லாம இவங்க எந்திரிக்கிறதே இல்லைம்மா. முன்னெல்லாம் போனை வச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க" என்றார்.

"ஐயா, கண்மாயைத் தொறக்கப் போறோம். நீங்க வரணும்" என்றேன்.

"நீங்க தேடி வந்ததுக்குச் சந்தோசம். எனக்கு மனசு இல்லைம்மா."

"ஏன்யா?"

மனைவி இருக்கிற பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு, இடுப்புக்கு வந்துச்சு, நெஞ்சுக்கு வந்துச்சுன்னு போனு சொல்லிக்கிட்டே இருக்கு. கரையில அந்தப் புள்ள நிக்கிதுன்னும் சொல்லுது. கையில கயிறு இருக்குன்னும் சொல்லுது. ஒண்ணுமே செய்யலைம்மா அது. நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. வெளையாட்டுதான். வெளையாட்டுலயே வேணாம்னு நெனச்சிருச்சோன்னு இருக்கு. கண்ணு தெரியாத ஆளு, நாளைக்கு அதுக்குத்தான பாரம்."

நடக்காமல் போன கட்டளை அடித்தவருக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்குக் காட்டாது. அப்படி வைத்ததும் நான்தான். கவிதா அடித்த ஒரு வரியும் அவர் காதுக்குப் போகவில்லை.

"ஐயா, அந்தப் பொண்ணு சும்மா நிக்கலை. நான் படிக்கிறேன், கேளுங்க" என்று தாளைப் பிரித்தேன்.

"'மாமாவுக்குக் கயிறு வீசு.' மெஷின் சொன்னது, 'அப்படி யாரும் இங்கே இல்லை.' 'மாமனாருக்குக் கயிறு வீசு.' 'அப்படி யாரும் இங்கே இல்லை.' 'அவங்களுக்குக் கயிறு வீசு.' 'அப்படி யாரும் இங்கே இல்லை.' 'கயிறு வீசு.' 'யாருக்கு?' 'தண்ணில இருக்குறவங்களுக்குக் கயிறு வீசு.' 'அப்படி யாரும் இங்கே இல்லை.' 'கண்டக்டருக்குக் கயிறு வீசு.' 'எல்லாருக்கும் கயிறு வீசு.' 'எங்க வீட்டுக்காரரோட அப்பாவுக்குக் கயிறு வீசு.'"

கீரை ஆய்கிற சத்தம் நின்றிருந்தது. செல்லையா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்படியே பதினோரு வரி படித்துவிட்டு நிறுத்தினேன். பன்னிரண்டாவது வரியைப் படிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மாமியார் வேறு எதிரில் இருக்கிறார். நானாக இருந்தால் அந்த வரியை யாரும் படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குங்கய்யா. நீங்க மூழ்குன பெறகு அடிச்சது. நாலு செகண்டு பிந்திருச்சு." படித்தேன். "'செல்லையாவுக்குக் கயிறு வீசு.'"

"ஆத்தி" என்றார் அவர் மனைவி.

செல்லையாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கவும் இல்லை. பிறகு, "அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்கம்மா" என்றார். படித்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். "நான் இப்படி நெனச்சேன்னு அந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம்" என்றார். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்மாயைத் திறந்தோம். அலுவலகத்தில் ஏழு பேரும் என் திரையைச் சுற்றி நின்றார்கள். முதலில் சம்மதக் கேள்வி போனது. 'கவிதா உங்களை மாமா என்று அழைக்கலாமா?' 'சரி' என்று அவர் அடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து ஓடியது. தண்ணீர் நெஞ்சு வரை. கரையில் கவிதா.

'மாமாவுக்குக் கயிறு வீசு.'

அரிமளத்தில் அவர் போன் என்ன படித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த வரியை எழுதியவள் நான். 'உங்கள் மருமகள் கவிதா உங்களுக்குக் கயிறு வீசுகிறாள்.' செல்லையா கயிற்றைப் பிடித்தார். கவிதா இழுத்தாள். கரை ஏறியதும் அவர் முதலில் பேசியது திரையில் வந்தது.

'நீ வீசுவேன்னு எனக்குத் தெரியும்த்தா. அன்னைக்கே தெரியும்.'

கவிதா அதை நம்பினாள். நானும் இன்று வரை அவளிடம் மறுத்துச் சொல்லவில்லை.